காய்ந்த தரையைத் துடைக்கிறார்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. நீங்களும் மாமாவும் மாமாவின் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் "ஹலோ" என்றாலே சொல்ல வந்ததெல்லாம் எனக்கு மறந்துவிடும். தவிர, எங்கள் வீட்டில் ஒரு மூலையில் முணுமுணுத்தால் மறு மூலையில் அப்பாவுக்குக் கேட்டுவிடும். சத்தம் போட இப்போது வேறு எதுவும் இல்லை.

அம்மா இறந்த பிறகு அப்பா எளிய வாழ்க்கைக்கு மாறிவிட்டார், அத்தை. பூமி சூடாகிறதாம். ஊர் முழுக்க ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் பார்க்கிற மனிதர், சொந்த வீட்டில் ஒவ்வொன்றாகத் தானம் செய்கிறார். மிக்ஸி மேல்வீட்டு அக்காவுக்குப் போனது. தினமும் காலையில் அது தலைக்கு மேலிருந்து கர்ரென்று எங்களை நலம் விசாரிக்கும். அப்பா பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அது ஓயும்வரை வாய் நிறைய நுரையோடு நிற்பார். அடுத்து இஸ்திரிப்பெட்டி. "சுருக்கந்தாம்மா இயற்கை" என்று கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகிறார். ஃபேனும் போய்விட்டது. ஃபிரிட்ஜ் போனதும் பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈரமணல் கொட்டி, காய்கறியை அதில் வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்த மணல் மிகவும் பிடித்துவிட்டது. எதற்குப் பிடித்தது என்று கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. காய்கறியைக் கொட்டிவிட்டோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ரிப்பேருக்குப் போகிற வீடுகளிலும் ஆரம்பித்துவிட்டார். போன வாரம் ஒரு அம்மா ஃபோன் செய்தார்: "ஏம்மா, உங்கப்பா எங்க ஃபிரிட்ஜப் பிரிச்சுப் போட்டுட்டு, 'இதெல்லாம் எதுக்கு, அன்னன்னைக்கு ஆக்கி அன்னன்னைக்குச் சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. நாங்க திருந்துறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கறோம், முதல்ல அத மாட்டிட்டுப் போகச் சொல்லும்மா!" நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

நான் சொல்ல வந்தது வேறு, அத்தை. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைப் பற்றி. அதிலிருந்து கசிந்த தண்ணீரில் வழுக்கித்தான் அம்மா விழுந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள் தெரியுமா? "ஊரு மெஷினையெல்லாம் பாக்கறீங்க, நம்ம வீட்டுக்கும் ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன். வேணும்னா நானும் கஸ்டமர் மாதிரி ஃபோன் பண்றேன்" என்று கிண்டல் செய்வாள். "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா பாக்கறேன்" என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வேறு யார் வீட்டு மெஷினாவது நின்றுபோகும். பிறகு அம்மா விழுந்தாள், ஆஸ்பத்திரியில் கிடந்தாள், கூட இருக்க நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன், அம்மா வீடு திரும்பவில்லை.

எல்லாவற்றையும் கொடுத்த அப்பா இதை மட்டும் கொடுக்கவில்லை. போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார். துணியெல்லாம் நான் கையால்தான் துவைக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும், கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, அந்த மெஷின் முன்னால் தரையைத் துடைக்கிறார், அத்தை. பிளக் மாட்டவில்லை. குழாயும் மூடித்தான் இருக்கிறது. தரையில் சொட்டு ஈரமில்லை. துடைத்துவிட்டு, அந்தக் காய்ந்த துணியை வாளிக்கு மேல் பிடித்துப் பிழிகிறார். நான் அடுப்படியில் பாத்திரத்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருப்பேன், பார்க்காத மாதிரி.

ஊர்ப் பசுமை மன்றத்துக்காரர்கள் அப்பாவைப் பாராட்ட மாலையும் கேமராவுமாக வந்தார்கள். "இந்த முடிவுக்கு எப்படி சார் வந்தீங்க?" என்று கேட்டார்கள். அப்பா மெஷின் முன்னால் இருந்த தரையைப் பார்த்தார். அப்புறம் "ஓசோன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அவர் பூமியைக் காப்பாற்றட்டும். ஆனால் அந்த மெஷின் இந்த வீட்டில் இருக்க வேண்டாம். நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார். "தம்பி, என்னால துவைக்க முடியலடா, அத எனக்குக் குடுடா" என்று வண்டியோடு வந்து எடுத்துப் போய்விடுங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாமாவுக்கும் அவர் முட்டிக்கும் என் வணக்கம். உங்கள் ஆசி எங்களுக்கு வேண்டும், இப்போது கொஞ்சம் கூடுதலாகவே.

இப்படிக்கு,
நீங்கள் "வாயில்லாப்பூச்சி" என்று கூப்பிடுகிறவள்

பின்குறிப்பு: அத்தை, வண்டி வேண்டாம். மெஷினும் வேண்டாம். வாசல் வழியாக அது வெளியே போகுமா என்று பார்க்க, சுவரிலிருந்து இழுத்தேன். பின்னால், தண்ணீர் கசிந்த இடத்தில், புது ரப்பர் குழாய், அதை இறுக்கிப் பிடிக்கும் புதுக் கிளாம்ப், பளபளவென்று. நிமிர்ந்தால், துடைக்கும் துணியோடு அப்பா.

"எப்பப்பா மாத்துனீங்க?"

"உங்கம்மா ஆஸ்பத்திரில இருக்கும்போது. வந்ததும் போட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

அத்தை, நான் பேசினேன். "எனக்குப் போட்டுக் காட்டுங்கப்பா" என்றேன்.

போர்வையை எடுத்து, அதையே உள்ளே போட்டு, பிளக்கை மாட்டி, குழாயைத் திறந்து, ஸ்விட்சைத் தட்டினார். அது குதிக்க ஆரம்பித்ததும் மேல்வீட்டு அக்கா ஓடிவந்து, "என்னண்ணே, பூமி ஆறிடுச்சா?" என்றார். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் துடைத்துத் துடைத்து அப்பாவின் சட்டைதான் நனைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

நீங்கள் சும்மா வாருங்கள். விசிறி மட்டும் கொண்டுவாருங்கள், ஃபேன் போனது போனதுதான்.

மெஷின் நின்ற பிறகும் அப்பா அந்தத் துடைக்கும் துணியைக் கையிலேயே வைத்திருந்தார். "இத என்னம்மா பண்றது?" என்று என்னைக் கேட்டார். வாங்கி, அடுத்த துணிகளோடு உள்ளே போட்டுவிட்டேன்.