வேதநாயகி குமட்டலை வென்று பொம்மனஹள்ளி புகுந்த படலம்

வாழ்க வேதநாயகி! மர்பி டவுன் பெற்றெடுத்த மாவீராங்கனை, கமர்சியல் தெருத் துணிக்கடையில் காலை முதல் அந்திவரை புடவை விரித்தும் மடித்தும் தளராத தோளாள், எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டு எதையும் வாங்காமல் எழுந்து போகிறவரையும் புன்னகை மாறாமல் வழியனுப்பும் பொறுமைக் கடலாள், கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே போய் நடந்தே வரும் வைரக் காலாள், அவள் புகழ் ஓங்குக! அவள் கையில் கமழ்ந்த பசுந்தழையே, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் விடாப்பிடித் தண்டே, புதினாவே, இக்கதையைச் சொல்லப் புகுந்த நாவுக்கும் சற்றே குளிர்ச்சி தருக!

இத்தனை ஆற்றல் வாய்த்தவளுக்கு இவ்வுலகில் பகை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் குமட்டல். பேருந்து என்னும் இரும்பு வேழத்தின்மேல் அவள் ஏறி அமர்ந்த மறுகணம், அப்பகை அவள் வயிற்றின் அடிவாரத்தில் பாசறை அமைக்கும். டீசல் புகை அதற்குத் தூது போகும். யாரோ பிரித்த மிக்ஸர் பொட்டலத்தின் எண்ணெய் வாசம் முரசறையும். வளைவுக்கு வளைவு படை பெருக்கி, நெஞ்சுக் கணவாயில் ஏறி, தொண்டைக் கோட்டையின் கதவை முட்டும். அவள் நடந்தே வேலைக்குப் போவதன் இரகசியமும் அதுவே.

சென்ற ஆண்டு, தாயில்லாத தம்பி ரகுவுக்குத் தாயாக நின்று பெண் பார்க்க அவள் ஓசூருக்குப் பேருந்தில் போனாள். போய் இறங்கிய இடத்தில், பெண்ணின் அம்மா விடியலில் எழுந்து வாசல் நிறையப் போட்டிருந்த கலர்க் கோலத்தின் நடுவே, தோகை விரித்திருந்த மயிலின் மீது, பகைவன் வென்றான். பெண் வீட்டார் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு தகவலே கொடுக்கவில்லை.

ஆகவே இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் தை மாதத்தில் பொம்மனஹள்ளியிலிருந்து புதிய சம்பந்தம் ஒன்று வந்து, பெண் பார்க்கக் கிளம்பும் நாளில், ரகு தன் ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்:

"அக்கா, உனக்கு பஸ்ஸு ஒத்துக்காதில்ல. நீ வரவேணாம். நான் பிரண்ட்ஸோட போயிட்டு வந்துடறேன்."

அன்பாகச் சொன்னதுதான். ஆயினும் அச்சொல் வெந்த புண்ணில் வேல்போல் இறங்கிற்று. கட்டியிருந்த அரக்குப் பட்டின் கொசுவத்தை இறுக்கிச் செருகி, சமையலறை நிலைப்படியில் கொடிமரமென நிமிர்ந்து நின்று, வேதநாயகி வஞ்சினம் உரைத்தாள்:

"கேளடா தம்பி! அடுகோடித் திருப்பம் வளைக்கட்டும், மடிவாளாச் சாலை குலுக்கட்டும், நாற்றிசைப் புகையும் திரண்டு வரட்டும்! பொம்மனஹள்ளியில் பெண்ணின் தலைமேல் என் கை படும்வரை, இந்த வாயிலிருந்து வாழ்த்தைத் தவிர வேறெதுவும் வெளிவராது!"

ரகு பாலீஷ் டப்பாவை மூடினான். "சரி, வா," என்றான்.

போருக்குப் போகிறவளுக்குப் படைக்கலம் வேண்டுமே! சிவாஜிநகர் சந்தைக்குள் புகுந்து, கீரைக் கூடைகளைக் கண்ணால் சலித்து, வேரில் ஈரமண் உதிராத புதினாக் கட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எத்தகைய கட்டு அது! கஷாயமாகி வயிற்றுப் பொருமலை அடக்குவது. கொதிநீரில் விழுந்து அடைத்த மூக்கைத் திறப்பது. அரைபட்டு நெற்றியில் ஏறித் தலைவலியைத் தணிப்பது. வாயில் மெல்லப்பட்டு வெங்காய வாடையை விரட்டுவது. சர்க்கரை டப்பாவைச் சுற்றிக் காவல் கிடந்து எறும்புச் சேனையை எல்லையிலேயே மறிப்பது. அனைத்துக்கும் மேலாக, கசக்கி முகர்ந்தால் குமட்டலின் குடுமியைப் பற்றிக் கீழே அமுக்குவது! அதைக் கைக்குட்டையில் சுற்றி, உடைவாளைப் போல் இடக்கையில் ஏந்தி, வேதநாயகி பேருந்தேறினாள். ரகு பின்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றான்.

பெண்கள் இருக்கையில் ஓரிடம் கிடைத்தது. ஆனால் ஜன்னலோரம் என்னும் அரியணையில் ஏற்கெனவே ஒருத்தி வீற்றிருந்தாள். தலையில் மப்ளர், மடியில் பெரிய பை, அருகில் இறுக மூடிய கண்ணாடி. அவள் பெயர் சந்திரம்மா என்பது பின்னர் தெரிந்தது. காற்றின்றிப் போர் ஏது? வேதநாயகி கண்ணாடியை நோக்கிக் கை நீட்டினாள்.

"தெகீபேடம்மா, நெகடி ஆகிதெ!" என்று சந்திரம்மா கன்னடத்தில் அலறினாள். வேதநாயகியின் முகம் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "சளி புடிச்சிருக்கும்மா. தெறந்தா காத்து காதுக்குள்ள போயிடும். வேணாம்."

வண்டி உறுமிப் புறப்பட்டது. ரிச்மண்ட் சாலைப் பக்கம் திரும்பும் முன்பே வயிற்றுக்குள் முதல் முரசு கேட்டது. வேதநாயகி தழையை விடுவித்து ஓர் இலையைக் கசக்கினாள். ஆகா, அந்த நறுமணம்! கோடை மழை புழுதியை அடக்குவதுபோல் அது உள்ளே இறங்கிற்று. பக்கத்து மப்ளருக்குள் ஓர் அசைவு.

"அது என்னம்மா? புதினாவா?"

வணிகத்தில் தழும்பேறிய வேதநாயகி தருணத்தை நழுவவிடவில்லை. ஒரு கொத்தைப் பிரித்து நீட்டினாள். "நல்லா கசக்கி மோந்து பாருங்கக்கா. ராத்திரிக்கு வெந்நீர்ல போட்டு ஆவி புடிங்க."

சந்திரம்மா முகர்ந்தாள், கண் மூடினாள், இன்னொரு முறை முகர்ந்தாள். "அய்யப்பா! ஒரு பக்கம் தொறந்துச்சு!" மகிழ்ச்சியில் அவள் கண்ணாடியை நகர்த்தினாள், நாலு விரல் அளவுக்கு மட்டும். பேரரசுகள் பலவும் இதைவிடச் சிறிய உடன்படிக்கைகளால் பிழைத்திருக்கின்றன.

ஆனால் மணம் என்பது மறைத்து வைக்கக்கூடிய பொருளா? டிக்கெட் கிழிக்க வந்த நடத்துநர் மோப்பம் பிடித்தார். காலையிலிருந்து தலைவலியாம், இரண்டு இலையை நெற்றியில் தேய்த்துக்கொண்டு, "தேங்க்ஸம்மா" என்று சொல்லி நகர்ந்தார். முன் இருக்கைக்காரிக்கு நேற்றைய கல்யாண விருந்து செரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்திக்கு விக்கல். நீட்டிய கைக்கு இல்லையென்று சொல்ல, கடையிலேயே பழகாதவள் வேதநாயகி. கேட்டதை எடுத்துக் காட்டிப் பழகிய கரம், கொத்துக் கொத்தாகக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அடுகோடி வேகத்தடையில் வண்டி எகிறியபோது கட்டு பாதியாயிருந்தது. மடிவாளாவில் அது பழைய துடைப்பம்போல் நின்றது.

"அக்கா! எல்லாத்தையும் குடுத்துடாத!" என்று பின்னாலிருந்து ரகு கத்தினான். அவன் கண்முன் மயில் ஒன்று தோகை விரித்துக் கிடந்தது.

அந்தோ, எச்சரிக்கை காலம் கடந்து வந்தது! சில்க் போர்டு நாற்சந்தியில், முன்னே லாரி, பின்னே லாரி, இருபுறமும் ஆலைத் தொழிலாளர் வண்டிகள் என நாற்படையும் சூழ, பேருந்து நின்றேவிட்டது. பாடுபட்டு வென்ற அந்த நாலு விரல் ஜன்னல் வழியே லாரியின் கரும்புகை நேராக உள்ளே புகுந்தது. வேதநாயகியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. வாயில் நீர் ஊறியது. கைக்குட்டையை உதறினாள்: மொட்டைத் தண்டு ஒன்று! கடித்தாள், கசந்தது, அவ்வளவே. பகைவன் கணவாய் கடந்து கதவை முட்டினான். திரும்பித் தம்பியைப் பார்த்தாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அவன் வெளிறிய முகம் மட்டும் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"ஜன்னல மூடுங்கக்கா," என்று ஈனக்குரலில் கேட்டாள்.

சந்திரம்மா கண்ணாடியைப் படாரென்று சாத்தினாள். தன் பங்கைத் தரலாமென்று பார்த்தால், அது கசங்கிக் கரைந்து மூக்குத் துணியோடு ஒன்றாகிவிட்டிருந்தது. அவள் வேதநாயகியின் கையைப் பற்றி, அந்த விரல்களையே அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"கையில இருக்கும்மா வாசன. மூச்சு இழுத்து விடு. இழு... ஆங், விடு."

இருந்தது! இத்தனை பேருக்குக் கிள்ளிக் கொடுத்த விரல்களின் நுனியெல்லாம் பச்சைச் சாறு படிந்து மணத்தது. வேதநாயகி பத்து விரலையும் முகத்தின்மேல் கவிழ்த்து மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். நடத்துநர் முன்வண்டிகளை வழிவிடச் சொல்லிப் பேருந்தின் தகரத்தைத் தட்டினார். முன் இருக்கைக்காரி முறத்தால் புடைப்பதுபோல் செய்தித்தாளால் விசிறினாள். விக்கல்காரி தன் விக்கலை மறந்து, "ஆயிடுச்சும்மா, சிக்னல் போட்டுட்டான்" என்று பொய் சொன்னாள். கதவை முட்டிய பகை ஒரு படி இறங்கிற்று, கணவாயில் தயங்கிற்று, பாசறையைச் சுருட்டிக்கொண்டு, சிக்னல் உண்மையாகவே விழுந்த நேரத்தில், இருந்த இடம் தெரியாமல் ஒழிந்தது.

இவ்வாறாக, மாற்றாரின் புகைப்படை சிதற, அரக்குப் பட்டில் ஒரு பொட்டுக் கறையுமின்றி, தம்பி முன்செல்ல, தலைநிமிர்ந்து பொம்மனஹள்ளி புகுந்த வேதநாயகி, பெண் வீட்டு வாசற்கோலத்தை ஓரமாகச் சுற்றி உள்ளே சென்று, "பயணம் எல்லாம் சௌரியமா?" என்று வினவிய பெண்ணின் தாய்க்கு, "ரொம்ப சொகுசுங்க" என்று விடையிறுத்து, கேசரியை மிச்சமின்றி உண்டு, வந்து நின்ற மணப்பெண் சிந்துவின் தலைமேல் புதினா கமழும் கரத்தை வைத்து, "நல்லா இரும்மா" என்று முன்பு சூளுரைத்தபடியே வாழ்த்தி, ரகுவும் சிந்துவும் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துச் சிரித்ததைத் தன்னிரு கண்ணாலும் கண்டு, வென்றோம் வென்றோம் என உள்ளம் முரசறைய வீதியில் இறங்கினாள்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தார்கள்.