பங்காளி வீட்டுக் கட்டில்

லாட்ஜ் மேனேஜர் மேஜைக்கு மேலாக எட்டி, அர்த்தநாரியின் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு, சாவி தொங்கிய ஆணியை முதுகால் மறைத்துக்கொண்டு, "ரூம் இல்லீங்க" என்றார்.

"அந்தச் சாவி?"

"அது கலியாணக் கோஷ்டிக்குங்க. காலியா இருந்தாலும் முப்பது ரூபாய்."

ஒரு பாய்க்கும் தலையணைக்கும் முப்பது ரூபாய் கொடுக்க அர்த்தநாரிக்குப் பைத்தியமா? வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா அவர். கள்ளுக்கடை மறுபடி திறந்து மூன்று வருஷமாகியும் டவுனில் தண்ணீர்க் கள்ளைத்தான் ஊற்றுகிறார்கள் என்பது அவர் மனக்குறை. மரத்தடியில் இறக்கி மரத்தடியிலேயே குடிக்க வேண்டும். காவிரிக்கரையில் தோப்புத் தோப்பாகப் போய், பரமத்திப் பனங்கள்ளுக்கும் வேலூர்த் தென்னங்கள்ளுக்கும் ருசி பேதம் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தார். மனைவி சௌந்திரத்திடம் மட்டும், "பரமத்தி வேலூர்ப் பக்கம் நம்ம மயிலுக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கறானாம், பார்த்துட்டு வாரேன்" என்று சொல்லியிருந்தார்.

மயிலம்மாள் டீச்சர் டிரெயினிங் முடித்த பெண். மூன்று வருஷமாக வருகிறவர்கள் வருகிறார்கள். பஜ்ஜி சாப்பிட்டு, முப்பது பவுன் கேட்டு, "கடுதாசி போடறோம்" என்று எழுந்து போகிறார்கள். போன வெள்ளிக்கிழமை அப்படி ஒரு கூட்டம் போன பிறகு, அந்தப் பெண் யாரிடமும் பேசாமல் ஒன்பது டம்ளரையும் கழுவிக் கவிழ்த்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இனிப்புக் கள்ளும் கசந்தது.

மத்தியானம் குடித்த தோப்புக்கே திரும்பினார். ராத் தங்க இடம் கேட்டதற்குக் கடைக்கார மாரி யோசித்தே சொன்னான்.

"வாய்க்கா ஓரத்துல காளியண்ணக் கவுண்டர் ஊடுங்க. பயிரன் கூட்டம். நானும் பயிரந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கட்டிலும் உண்டு, கோழியும் உண்டு. போனவிய ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

"நான் செல்லன் கூட்டமாச்சேப்பா?"

"அப்ப மாமன் மச்சான் மொறை ஆயிருமுங்க. ஊரு, பேரு, பொண்ணு, பையன்னு தோண்டித் துருவி, நாளைக்கே உங்க ஊட்டுக்குச் சேதி போயிரும். பங்காளிய ஆரும் தோண்டமாட்டாங்க."

நியாயமாகத்தான் பட்டது. கவுண்டர்களுக்குள் கூட்டம் என்பது குலம்; ஒரே கூட்டமென்றால் அண்ணன் தம்பி. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, விசாரணையும் கிடையாது. அர்த்தநாரி இரண்டு வெற்றிலையை மென்று துப்பிவிட்டு நடந்தார்.

காளியண்ணன் வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பயிரன் கூட்டமுங்க. சேலம். பஸ்ஸைத் தவற விட்டுட்டேன்."

காளியண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பயிரனுங்களா? அப்படிங்களா… சரி, வாங்க பங்காளி. ஆராயி, கட்டிலை எடுத்துப் போடு."

பண்ணையத்து ஆள் ஆராயி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கட்டிலை எடுத்துப் போட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் இலை விழுந்துவிட்டது. மாரி சொன்னபடி கோழிதான். வீட்டுக்கார அம்மாள் செல்லாயி குழம்பை ஊற்றிக்கொண்டே, "எத்தனை குழந்தைங்க?" என்றாள்.

"ஒரே பொண்ணுங்க. டீச்சருக்குப் படிச்சிருக்குது. இன்னும் கலியாணமாகல."

காளியண்ணன் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்தார். "பங்காளி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க நெசமாவே பயிரந்தானுங்களா?"

அர்த்தநாரி கடித்த கோழியை மெல்லாமலே விழுங்கினார். கண்டுபிடித்துவிட்டார்!

"சத்தியமாங்க! கற்பூரம் வேணும்னாலும் அடிக்கறேன்."

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று காளியண்ணன் பெருமூச்சு விட்டார். செல்லாயியும் விட்டாள். "எங்க தீர்த்தகிரிக்கும் பொண்ணு அமையலீங்க. நகை நட்டு ஒண்ணும் கேக்கல. படிச்ச புள்ளையா, சிரிச்ச மொகமா இருந்தாப் போதும்."

அந்த நேரம் பார்த்துத் தீர்த்தகிரி வந்தான். பால் சொசைட்டியில் செக்ரட்டரி. வாட்டசாட்டம். வந்ததும் விருந்தாளியின் சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து நிரப்பி வைத்தான். அர்த்தநாரி பேச்சுக்குக் கேட்டதற்கு, "கள்ளா? நான் தொடறதில்லீங்க, பெரியப்பா" என்றான்.

பெரியப்பா! மூன்று வருஷமாகத் தேடிய மாப்பிள்ளை கையெட்டும் தூரத்தில் நிற்கிறான். அவனை மயிலுக்கு அண்ணனாக்கி வைத்திருக்கிறது இந்தப் பாழும் வாய். உண்மையைச் சொல்லலாம். கற்பூரம் அடிக்கிறேன் என்ற ஆள் எந்த முகத்தோடு சொல்வது?

கை கழுவுவதற்குள் ஒரு வழி தோன்றியது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேனுங்க. மயிலு எங்களுக்கு வளர்ப்புப் பொண்ணு. பெத்தது ராசிபுரத்துல எங்க சகலை."

காளியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சகலை எந்தக் கூட்டமுங்க?"

பயிரன் அல்லாத ஏதோ ஒன்று வேண்டும். "ஓதாளன்" என்றார்.

"ஓதாளனா!" செல்லாயி கரண்டியோடு வந்துவிட்டாள். "நான் பொறந்தது ஓதாளன் கூட்டமுங்க! அப்ப அந்தப் புள்ள எனக்கு அண்ணன் மகளாவுதே! உரிமைப் பொண்ணு! அவிய பேரென்ன? எந்தத் தெரு? நாளைக்கே போயிக் கேட்டறலாம்!"

சகலை தங்கமுத்து லாரி டிரைவர். தனக்கே தெரியாமல் தான் ஒரு பெண்ணைப் பெற்றுத் தத்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டால் ஜாக்கி ராடோடு வருவார். கேட்கவே முடியாதபடி அவரை எங்கேயாவது அனுப்பியாக வேண்டும்.

"அவரு… போயிட்டாருங்க."

"எங்கீங்க?"

அர்த்தநாரி மேலே கையைக் காட்டினார். "போன மாசம்."

"அய்யோ, எங்கண்ணா!" என்று செல்லாயி கரண்டியைப் போட்டாள். "கூட்டத்துல ஒரு உசுரு போயிருக்குது, எனக்கு ஒரு வார்த்தை இல்லையே! ஆராயி, தண்ணி காய வையி, தலைக்கு ஊத்தோணும்!"

"சாவு ஊட்டுல ஒரு வருஷத்துக்கு நல்ல பேச்சு பேசக் கூடாது" என்று காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாங்க கொடுத்து வெச்சது அவ்வளவுதான், பங்காளி."

தீர்த்தகிரி அருகில் வந்து மெதுவாகச் சொன்னான். "காலையில என் வண்டியிலயே போயிரலாம் பெரியப்பா. ராசிபுரத்துல அந்த அத்தையப் பார்த்து ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டு, உங்களச் சேலத்துல விட்டுர்றேன்."

கயிற்றுக் கட்டில் சுகமாகத்தான் இருந்தது. அர்த்தநாரிக்குத்தான் புரண்டு புரண்டு முதுகு வலித்தது.

விடிந்ததும் தீர்த்தகிரி வண்டியைத் துடைக்கத் தொடங்கினான். செத்தவர் படத்துக்கு மாலை கட்டச் செல்லாயி பூப் பறித்துக்கொண்டிருந்தாள். அந்த மாலையை வாங்கக் கதவைத் திறக்கப் போவது மீசையோடு தங்கமுத்துவேதான். அர்த்தநாரி வாசலுக்கு வந்து, காளியண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிக்கோணும். சகலை செத்துப் போகல. குத்துக்கல்லாட்டம் இருக்கறாரு. மயிலு நான் பெத்த பொண்ணு. கள்ளுக் குடிக்க வந்தேன், லாட்ஜுல விடல, ஒரு கட்டிலுக்காகப் பொய் சொன்னேன். நான் பயிரன் இல்லீங்க."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. திறந்து பார்த்தால் காளியண்ணன் முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்லிட்டீங்களா! ராத்திரி கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, சாமி!"

செல்லாயி பூக்கூடையோடு ஓடி வந்தாள். வண்டி துடைத்த துணி தீர்த்தகிரியின் கையில் அப்படியே நின்றது; காது வரை சிவந்திருந்தான்.

"அப்ப நீங்க எந்தக் கூட்டமுங்க?" மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

அர்த்தநாரிக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு ராத்திரி பூராவும் சொல்லாத உண்மையை நிமிர்ந்து நின்று சொன்னார்.

"செல்லன் கூட்டமுங்க!"

செல்லாயி கூடையைக் கீழே வைத்தாள். காளியண்ணன் எருமையைப் பார்த்தார். தீர்த்தகிரி சுத்தமாக இருந்த சக்கரத்தை மறுபடி துடைத்தான்.

"ஏனுங்க? பயிரனுக்கும் செல்லனுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டுங்களே? இப்ப மொறை சரியாப் போச்சுங்களே?" என்றார் அர்த்தநாரி.

சாணிக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஆராயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவிய எப்பங்க பயிரனானாங்க? கள்ளுக்கடையிலிருந்து வாரவிய எல்லாம் அப்படிச் சொல்லிக்கிட்டு வாராங்க, ஊட்டுக்கு வந்தவிய மொகம் வாடக் கூடாதுன்னு இவியளும் தலையாட்டறாங்க. ராத்திரி நீங்க நெசப் பயிரன்னு சத்தியம் பண்ணினதுல, தங்க பொய்ய ஒத்துக்க வெக்கப்பட்டுக்கிட்டாங்க; மத்தபடி இவியளும் செல்லன் கூட்டந்தானுங்க!"