பின்கதவுக் குளியலறை

என் வீட்டுக் குளியலறையில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது, என் இரண்டு கால்களும் குளியலறையில்தான் இருந்தன. தலையில் நுரை. இடுப்பில் துண்டு. வாசலில் என் மனைவி, கையில் ஒரு வாளி.

"இனிமே இதுதான்," என்றாள். "ஒரு வாளி. அதுக்குள்ள முடிச்சுக்கணும்."

"ஒரு வாளியா? ஊருக்கே சுடுதண்ணி குடுக்கிறவன் நான்."

இதில் மிகை கிடையாது. நான் கீசர் மெக்கானிக். இந்த ஊரில் பாதிப் பேர் குளிருக்குப் பயப்படாமல் குளிப்பது என் கைராசியால்.

"ஊருக்குக் குடுங்க. வீட்லயும் கொஞ்சம் மிச்சம் வையுங்க. தினமும் கீசர் காலியாகுற வரைக்கும் நீங்க உள்ள நிக்கிறீங்க. நான் பச்சைத்தண்ணிய ஊத்திக்கிட்டு கிளாஸுக்கு ஓடுறேன்."

அவள் கிளாஸ் என்றால் கார் ஓட்டும் கிளாஸ். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். எங்கள் குடும்பத்திலும் அதே ஏற்பாடுதான். ஸ்டியரிங் என் கையில் இருப்பதாக நானும் கல்யாணமான நாளிலிருந்து நம்பி வருகிறேன்.

"எனக்கு இந்த பாத்ரூமே வேண்டாம்," என்றேன். நுரை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ரோஷம் வந்துவிட்டால் கண்ணாவது மண்ணாவது. "வேன்லயே தங்கிக்கிறேன். அங்கயே குளிக்கிறேன். உன்னைவிட சுத்தமா இருந்து காட்டுறேன்."

"தாராளமா போங்க. நாத்தத்தோட திரும்பி வந்தா மட்டும் வாசல்லயே நிறுத்திடுவேன்."

"திரும்பி வர்றதா? நீயா கூப்பிடுற வரைக்கும் வரமாட்டேன்."

"சரி," என்றாள். வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இருக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்வாள் என்று துண்டோடு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே அவள் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் ஏன் அவ்வளவு நேரம் குளிக்கிறேன் தெரியுமா? எங்கள் ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. என் மனைவி பத்திரிகை படிப்பாள், நான் சுவரைப் படிப்பேன். நான் குளிக்கப் போனால் மட்டும் கதவைத் தட்டுவாள். "என்னங்க, உள்ளதான் இருக்கீங்களா, இல்ல குழாய் வழியா போயிட்டீங்களா?" என்று கத்துவாள். அதைக் கேட்கத்தான் நின்றேன். நாள் முழுக்க அவள் என்னைத் தேடுவது அந்த ஒரு தடவைதான்.

ஆகவே எனக்கு வேண்டியது சுத்தமும் இல்லை, சுதந்திரமும் இல்லை. அவள் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

கீசர்களை ஏற்றி இறக்குகிற என் பழைய வேனை ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். தொழில் தெரிந்தவன் என்பதால் ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. தடித்த கறுப்பு பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வேன் கூரையில் கட்டி, இரண்டு முனையையும் அடைத்து, ஒரு முனையில் குழாய்த்திருகும் ஷவர் தலையும் மாட்டினேன். வெயிலில் தண்ணீர் சூடாகும். பின்கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து நடுவே திரை கட்டினால் குளியலறை தயார்.

முதல் நாள் மேகமூட்டம். தண்ணீர் என் மனைவியின் பார்வை மாதிரி இருந்தது. மறுநாள் நல்ல வெயில். திருகைத் திறந்தேன், முதுகு வெந்துவிட்டது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கீசரைப் போடாதீர்கள் என்று வீடு வீடாக உபதேசம் செய்கிறவன் நான்.

பிறகு செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு புதிதாக ஒன்று வாங்கி, அதில் தண்ணீரை விளாவி நிரப்பினேன். பம்பை அடித்தால்தான் தண்ணீர் வரும். சோப்பு போட்டால் பம்பு அடிக்கக் கை இல்லை. பம்பு அடித்தால் சோப்பு போடக் கை இல்லை. கல்யாணம் என்று ஒன்றை ஏன் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தலைக்குத் தண்ணீர் போதாத நாளில் பவுடரைக் கொட்டி எண்ணெய்ப் பிசுக்கை உதறினேன். அந்த வெள்ளைத் தலையோடு வேலைக்குப் போன வீட்டில் ஓர் அம்மா, "போன தடவை உங்க பையன் வந்தாரு, நல்லா வேலை செஞ்சாரு," என்றார்.

ஒருநாள் சாயங்காலம் திரைக்கு வெளியே ஒரு கைத்தடி தட்டியது. ஏரிக் காவலாளி.

"உள்ள யாரு?"

"நான்தான்."

"என்ன பண்றீங்க?"

"குளிக்கிறேன்."

"ஏரி அந்தப் பக்கம் இருக்கே."

"அது பச்சைத்தண்ணிங்க."

"வீடு இல்லையா சார்?"

"இருக்கு."

"வீட்ல தண்ணி வராதா?"

"வரும். சுடுதண்ணியே வரும்."

கைத்தடி தரையில் இரண்டு தடவை தட்டியது. யோசித்திருப்பார் போல.

"சார் கல்யாணம் ஆனவரா?"

"ஆமா."

"சரி சரி, நீங்க குளிங்க," என்று போய்விட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். நான் பதில் சொல்லியிருப்பேன்.

பகல் பரவாயில்லை. ஆனால் என் பகல் முழுக்க அடுத்தவர் குளியலறையில்தான் கழிகிறது. ஒரே டம்ளரில் நாலு பிரஷ். கதவுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகத் துண்டுகள். வேலை முடிந்ததும் சுடுதண்ணீரைத் திறந்து மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பேன். வெளியே ஒரு குழந்தை கதவைத் தட்டி, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கேட்கும். இன்னொரு தடவை தட்டட்டும் என்று குழாயை ஓடவிடுவேன். கழிவாகப் போகும் அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வருவேன். இருட்டுகிற நேரத்தில் எதிர்க்கரை வீடுகளில் விளக்குகள் வரும். நான் பிரெட்டைக் கடித்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ரொம்ப சுத்தமாக இருந்தேன். மோந்து பார்க்கத்தான் ஆளில்லை.

கடைசியில் தாங்க முடியாமல் நானே போன் போட்டேன். போன் போடுவது திரும்பி வருவதில் சேராது.

"நகவெட்டி எங்க இருக்கு?" என்றேன்.

"வீட்ல இருக்கு."

"சரி. சும்மாதான் கேட்டேன்."

"எப்படி இருக்கீங்க?"

அழுதுவிடுவேன் போலிருந்தது. "ராஜா மாதிரி இருக்கேன்," என்றேன். "ஏரிக்காத்து. பறவைச் சத்தம். வேன் மேல குழாய், பின்னால திரை, கொதிக்கக் கொதிக்க சுடுதண்ணி. தொந்தரவு பண்ண ஒரு ஆளு கிடையாது."

"ஒரு ஆளு கூடவா?"

"ஒரு ஈ காக்கா கிடையாது."

"ம்," என்றாள். பிறகு கேட்டாள். "அந்தத் திரை காத்துல பறக்காதா?"

பார்த்தீர்களா, கவலைப்படுகிறாள். மறுநாளே திரையின் அடியில் இரும்பு வாஷர்களை வைத்துத் தைத்தேன். அடுத்த தடவை பேசியபோது, "வேன் தரையில படுத்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். நல்ல மெத்தை ஒன்று வாங்கிப் போட்டேன். "கதவை உள்ளயிருந்து பூட்ட முடியுமா? பயமா இருக்காதா?" என்றாள். உள்தாழ்ப்பாள் போட்டேன். "குளிச்ச தண்ணி காலைச் சுத்தி சேறாகாதா?" என்றாள். நிற்பதற்கு மரப்பலகை அடித்தேன். "சூடும் பச்சையும் கலந்து வர்ற மாதிரி பண்ணக்கூடாதா, பாவம், முதுகு வெந்துடப் போகுது," என்றாள். கலப்புக் குழாயும் மாட்டினேன்.

பாவம் என்றாள். அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இவ்வளவு அக்கறை நெஞ்சுக்குள் இருந்திருக்கிறது, இத்தனை நாள் வீட்டில் சொல்ல வாய்ப்பில்லை என்று எண்ணிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம்தான், கூப்பிட்டுவிடுவாள்.

கூப்பிட்டாள். நான் வேலை பார்க்கும் கீசர் கடை முதலாளி மூலமாக.

"ஒரு வீட்ல சுடுதண்ணி வரலையாம்," என்றார் அவர். "அட்ரஸ் உனக்கே தெரியும். உன்னைத்தான் அனுப்பணுமாம். வேனோட வரணுமாம், பெரிய ரிப்பேராம்."

வேனில் நான் சீட்டியடித்துக்கொண்டே போனேன். நேரடியாகக் கூப்பிடக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, பாவம். கெட்டுப்போன கீசரைச் சாக்காக வைத்துக்கொண்டாள். நாமும் ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது. பெரிய மனசோடு நடந்துகொள்ள வேண்டும்.

கதவைத் திறந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். "மோந்து பாரு."

பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கீங்க," என்றாள்.

கீசருக்கு ஒரு கோளாறும் இல்லை. சுவிட்ச் அணைத்திருந்தது. நான் அதைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

"சரியா ஓடுதான்னு பாக்கணும்ல," என்றாள். "குளிச்சே பாத்துடுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் குளிங்க. வேன் சாவியை மேஜை மேல வச்சிட்டுப் போங்க, நனைஞ்சிடப் போகுது."

குளித்தேன். சொந்தச் சுவர், சொந்தச் சோப்பு. பம்பு அடிக்க வேண்டாம், காவலாளிக்குப் பதில் சொல்ல வேண்டாம். பாட்டுக்கூடப் பாடினேன். நேரம் போனது. கதவைத் தட்டுவாள் என்று ஷவரை மெதுவாக்கிக் காதைக் கொடுத்தேன். தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் பாடினேன். தண்ணீர் ஆறிப்போனது. அப்போதும் தட்டவில்லை. துண்டோடு வெளியே ஓடினேன்.

வீட்டில் யாரும் இல்லை. வாசலில் என் வேன் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் என் மனைவி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே ஒழுங்கில் இருக்கையை முன்னால் இழுத்தாள், பெல்ட்டைப் போட்டாள். பின்னால் மெத்தையின்மேல் அவளுடைய பெட்டியும் தலையணையும் இருந்தன.

"எங்க கிளம்பிட்ட?"

"ஏரிக்கரைக்கு. ஸ்கூல்ல லீவு சொல்லிட்டேன். மேல குழாய்ல தண்ணி ரொப்பியிருக்கா?"

"காலைலயே ரொப்பிட்டேன்," என்றேன், வாய்ப்பழக்கத்தில். பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. "இங்க பாரு, நான் போன்ல சொன்னதெல்லாம் புளுகு. அங்க ஒண்ணுமே நல்லா இல்ல. பேச ஆளில்ல. தனியா உக்காந்து எதிர்க்கரை விளக்கைப் பாத்துக்கிட்டு இருந்தேன். சோறு இறங்கல."

"தெரியும். உங்க குரல்லயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா போற?"

"அதுக்குத்தான் போறேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பிரேக் பிடிங்க, பிரேக் பிடிங்கன்னு கத்துறேன். வீட்டுக்கு வந்தா பாத்ரூம் கதவுல கத்துறேன். பேச ஆளே இல்லாத இடம்னு நீங்க சொன்னதும் எனக்கு நாக்குல தண்ணி ஊறிடுச்சு."

தலையிலிருந்து நீர் சொட்டியது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை.

"நானும் வர்றேன்," என்றேன். "ஒரு மூலையில இருக்கேன். வாயே திறக்க மாட்டேன். உனக்கு பம்பு அடிச்சு விடுறேன்."

"நீங்க வந்தா அதுவும் வீடாயிடும்ங்க."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட?"

கண்ணாடியைத் திருப்பினாள். இண்டிகேட்டரைப் போட்டாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"வேன் தானா வராதே," என்றாள்.