பொருள்: விறுவிறுப்பான செவ்வியல் இசை தேர்வு செய்தல் – தொடர்பாக

புதுச்சேரியில் சான்றிதழ் சரிபார்ப்பு இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. பிறந்தவர்கள் உண்மையிலேயே பிறந்தார்களா என்று பார்த்து முத்திரை குத்தும் இடம். ஊரில் உயிரோடு இருந்த அத்தனை பேரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அங்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்தவர்கள் சண்டை போட ஆரம்பித்ததும் இயக்குநர் ஆழ்ந்து யோசித்தார். கவுன்ட்டரைக் கூட்டலாம் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழவில்லை. டிசம்பரில் சென்னைக்குப் போய் நாலு கச்சேரி கேட்டுவிட்டு வந்திருந்தார். அந்த வருஷம் பெரிய அதிகாரிகள் எல்லோருமே பட்டு ஜிப்பா தைத்திருந்தார்கள். ஆகவே ஆணை பிறந்தது.

"காத்திருக்கும் பொதுமக்களின் நலன் கருதி, புதிதாகக் கேட்போரும் விறுவிறுப்படையத்தக்க செவ்வியல் இசை ஒலிப்பதிவினை இம்மாத இறுதிக்குள் தேர்வு செய்து சமர்ப்பிக்க ஆணையிடப்படுகிறது."

ஸ்டெனோ பூர்ணிமா பதினாலு வருஷம் வீணை கற்றவள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். இயக்குநர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"அந்தம்மாவுக்கு இசை தெரியும். தெரிஞ்சவங்க கையில குடுத்தா சொந்த விருப்பம் உள்ள பூந்துடும். நாளைக்கு ஆடிட்ல கேப்பான்."

இசை தெரியாதவர்கள் அலுவலகத்தில் நிறையவே இருந்தார்கள். ஆனால் துளிகூடத் தெரியாதவர் அசிஸ்டென்ட் வெற்றிச்செல்வன் ஒருவர்தான். இருபத்தாறு வருஷ சர்வீஸில் மீன் தெரியாமல் மீன் கோப்புகளையும், நெல் தெரியாமல் நெல் கோப்புகளையும் பார்த்து நல்ல பேர் எடுத்தவர். "மேற்படியாருக்கு இசை குறித்து எவ்வித அறிவும் இல்லை" என்று அவருக்கு முறைப்படி ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதை லேமினேட் செய்துகொண்டார்.

"இந்த ஃபைல முடிங்க, சூப்பரிண்டெண்ட் சீட்டு உங்களுக்கு. இல்லேன்னா ஜானகிராமன் ரெடியா இருக்காரு" என்றார் இயக்குநர்.

ஜானகிராமன் அவருக்கு மூன்று வருஷம் ஜூனியர். அவரைத் தினமும் எழுந்து நின்று "சார்" என்று கூப்பிட வேண்டிவரும் என்று நினைத்ததுமே வெற்றிச்செல்வன் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பூர்ணிமா பத்து பதிவுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வெற்றிச்செல்வன் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். முதல் பதிவு: 'பன்னிரண்டு நிமிடங்கள் வரை பாட்டு தொடங்கப்படவில்லை. தாமதத்துக்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை.' இரண்டாவது: 'பாடகர் நிறுத்திய பின்னரும் மிருதங்கம் தன்னிச்சையாகத் தொடர்ந்துள்ளது. விளக்கம் கோரலாம்.' ஐந்தாவது வெள்ளைக்காரர்களுடையது: 'முடிந்துவிட்டதென்று கோப்பை மூடிய பின் மூன்று முறை மறுபடி தொடங்கியது.'

"ஏங்க, எதுனா நல்லாருக்கா?" என்று கேட்டாள் மனைவி சிவசங்கரி.

"நல்லாருக்கான்னு ஆணையில கேக்கல. விறுவிறுப்பா இருக்கான்னுதான் கேட்டிருக்கு."

ஒன்பதாவது பதிவு பழைய நாயனம். கரகரவென்று இரைச்சல் வேறு. நேரத்தை மிச்சம் பிடிக்க ஹெல்மெட்டுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஆபீசுக்குக் கிளம்பினார். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நாயனம் ஓய்ந்தபோது அவர் கருவடிக்குப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆபீசுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது. எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அழுகை வந்தது. ஐம்பத்து நாலு வயசில், நடுரோட்டில், ஒரு காரணமும் இல்லாமல். வெட்கமாக இருந்தது, அதே சமயம் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை வருஷமாயிற்று என்றும் தோன்றியது.

ஒரு மணி நேரம் லேட்டாக வந்தவரைப் பூர்ணிமா ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒன்பதாவதா சார்?"

"எப்டிம்மா கண்டுபுடிச்ச?"

"கண்ணு சொல்லுது. அதையே எழுதிடுங்க சார்."

"மெதுவா பேசும்மா! எனக்குப் புடிச்சுதுன்னு தெரிஞ்சா, இசை தெரியும்னு ஆயிடும். சர்டிபிகேட் செல்லாது. ஃபைலு ஜானகிராமன் டேபிளுக்குப் போயிடும்."

சொந்த விருப்பத்துக்கு இடமில்லாத அளவுகோல் ஒன்று வேண்டும். யோசித்து யோசித்து, பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து நர்ஸ் அகஸ்டினாவை வரவழைத்தார். விறுவிறுப்பு என்றால் ரத்த அழுத்தம் ஏற வேண்டும். இதில் யார் குறை சொல்ல முடியும்? காத்திருப்புக் கூடத்தில் டோக்கனோடு இருந்த பத்துப் பேரைப் பிடித்துக் கையில் பட்டையைக் கட்டினார்கள். அகஸ்டினாவுக்கு வீட்டில் பழகிய பிரெஞ்சு கலந்த பேச்சு மாறவில்லை.

"அசையாதீங்க முசியே. பாட்டு கேக்கறதுக்கு இன்னாத்துக்கு பயம்?"

பாட்டு ஒவ்வொன்றாக ஓடியது. அத்தனை பேருக்கும் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்பதாவதைப் போட்டதும் கூடமே அடங்கிவிட்டது. காலையிலிருந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்த பாவாடை என்கிற விவசாயி, தன் நம்பர் வந்து போனதைக்கூடக் கவனிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசு கேட்டது ஏற்றம், கிடைத்ததோ இறக்கம்.

நாயனம் முடிந்த கையோடு சுவரிலிருந்த டோக்கன் மெஷின் பேசியது: "அடுத்து, டோக்கன் எண் நாற்பத்தேழு. கவுன்ட்டர் எண் மூன்று."

பத்துப் பேரும் பட்டையோடு துள்ளி எழுந்தார்கள். நாற்பத்தேழு அவர்களில் ஒருவருடையதும் இல்லை. அகஸ்டினா மீட்டரைப் பார்த்துவிட்டு சிலுவை போட்டுக்கொண்டாள். "நூத்தி எண்பது!"

வெற்றிச்செல்வன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்பதை எழுதிவிட ஒரு நிமிஷம் போதும். கண்ணை மூடினால் ஜானகிராமன் அந்த நாற்காலியில் சுழன்றார். எழுதினார்: 'விறுவிறுப்பில் முதலிடம், டோக்கன் அழைப்பு. ஒன்பதாம் பதிவு, கேட்போர் நிம்மதியடைவதால் நிராகரிக்கப்படுகிறது.' கையெழுத்துப் போட்டபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தேதியைச் சரியாகப் போட்டார்.

டோக்கன் அழைப்பைப் பதிவு செய்து போட்டுக்காட்டியபோது இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். "ஆகா, ஒரு ஸ்வரம் வீணாக்கல பாருங்க!"

மறுநாளிலிருந்து காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அந்தப் பதிவு ஓடியது. யாரிடமும் இல்லாத நம்பர்களாகப் பார்த்துக் கூப்பிட்டது. ஜனங்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். சண்டை போட நேரமில்லாததால் புகார் நின்றுபோனது. ஒயிட் டவுன் காபி கடைகளிலிருந்து சணல் பை மாட்டியவர்கள் வந்து, ஒரு வேலையும் இல்லாமல் டோக்கன் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். "மூணாவது கவுன்ட்டர்னு சொல்றப்ப ஒரு சோகம் இருக்கு" என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். வெற்றிச்செல்வன் சூப்பரிண்டெண்ட் ஆனார். ஜானகிராமன் எழுந்து நின்றார்.

நாலு மாதம் கழித்து, ஒன்பதாவது பதிவில் வாசித்த அதே வித்வான், தள்ளாத வயசில், புதுச்சேரிக்கு வாசிக்க வந்தார். வெற்றிச்செல்வன் சொந்தக் காசில் முதல் வரிசை டிக்கெட் வாங்கி, சிவசங்கரியோடு போய் உட்கார்ந்தார். இன்றைக்குச் சான்றிதழ் இல்லை, கோப்பு இல்லை. தாராளமாக அழுதுகொள்ளலாம் என்று கைக்குட்டை இரண்டு எடுத்து வந்திருந்தார். அரங்கம் நிறைந்து வழிந்தது. வித்வான் நாயனத்தை உதட்டருகே கொண்டுபோனார். ராகத்தின் பேரைச் சொல்ல, தொகுப்பாளினி மைக்கைப் பிடித்தாள்.

"அடுத்து..." என்றாள்.

அரங்கம் மொத்தமும் எழுந்து மேடையை நோக்கி ஓடியது. முதல் வரிசையில் இருந்ததால் வெற்றிச்செல்வன்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். வித்வான் பயந்துபோய் நாயனத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். எதிரே நின்ற சூப்பரிண்டெண்ட் சட்டைப் பையில் டோக்கனைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஊரே தேடிக்கொண்டிருந்தது.