பில்பரோ குடும்பத்துப் பெஞ்சிலிருந்து

ஆல்டர்பி, நார்ஃபோக்
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி கத்பர்ட்டுக்கு உன் அக்காள் ஹெஸ்டர் எழுதிக்கொண்டது. நான் நலம். நீயும் உன் மனைவியும் அவளுடைய மூட்டுவலியும் நலமா? நம் தேவாலயத்தின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து இங்கேதான் குடியிருப்பு. பூட்டும்போது வீட்டுக்குப் போகிறேன். திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கிறேன்.

கோயிலைச் சூடாக்கத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கப் போகிறார்களாம். அதற்கு முன் எழுநூறு வருஷத்துத் தரையைத் தோண்டிப் பார்க்க வேண்டுமென்று பிரையனி என்கிற தொல்லியல்காரி வந்து இறங்கியிருக்கிறாள். ஊரே அவரவர் குடும்பத்துப் பெஞ்சைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பாதிரியார் என்னிடம் வந்து, "ஒரு மாசந்தானே ஹெஸ்டர், கொஞ்சம் எழுந்திருங்களேன்" என்று குழைந்தார். "எங்க தாத்தா உட்கார்ந்த இடம் இது. ஒரு ஞாயித்துக்கிழமை நான் எழுந்தா, அடுத்த ஞாயிறு புதுசா குடிவந்த அந்த லண்டன்காரங்க வந்து உட்கார்ந்துடுவாங்க. மாட்டேன், போங்க" என்றேன். போய்விட்டார். ஆனால் அந்தப் பெண் விட்டாளா? என்னைச் சுற்றியே தோண்டிவிட்டாள். இப்போது நானும் பெஞ்சும் இடுப்பளவு மண்மேட்டின் மேல் தனியாக இருக்கிறோம், பலகை போட்டுத்தான் ஏறி இறங்குகிறேன், டீ கொண்டுவந்த பக்கத்து வீட்டு முரியல் பாதிப் பலகையில் பயந்துபோய் டீயோடு திரும்பிவிட்டாள்.

நேற்று என் காலடிக்கு நேராக இரண்டு கால் எலும்புகள் வெளியே வந்தன. பிரையனி குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து, "இவருக்கு இடுப்பு வரைக்கும்தான் கிடைச்சிருக்கும்மா. மீதி உங்க பெஞ்சுக்குக் கீழே படுத்திருக்கு" என்றாள்.

"படுத்திருக்கட்டுமே! அவரும் இடத்தை விட்டுக்கொடுக்காத ஆளு போலிருக்கு" என்றேன்.

இன்று சாயங்காலம் சபை கூடி எனக்கு எதிராகத் தீர்மானம் போடுமாம். போடட்டும். பிஷப்பே வந்து கெஞ்சினாலும் அசைய மாட்டேன். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. என்னை நானே பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஹெஸ்டர் பில்பரோ

பி.கு.: எழுந்துவிட்டேன். தீர்மானத்துக்குப் பயந்து இல்லை. காலைப் பார்த்தாயிற்று, முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? பெஞ்சைத் தூக்கும்போது ஒரு முனையை நானே பிடித்தேன். மண்டையோட்டு மண்ணைத் துடைத்தால், முன்பல் இரண்டுக்கும் நடுவே காசு நுழையும் அளவுக்குச் சந்து! அப்பாவுக்கு இருந்ததே, உனக்கும் இருக்கிறதே, அதே சந்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த மாதிரி பல்லு ஆயிரம் பேருக்கு இருக்கும்மா" என்கிறாள் பிரையனி. நாளைக்கு ஆராய்ச்சிக்காக இவரைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறாளாம். எடுத்துத்தான் பார்க்கட்டும்! பெஞ்சை லண்டன்காரர்களுக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். நான் குழிக்குள் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கனமான போர்வை ஒன்று உடனே அனுப்பு. கீழே ஒரே ஈரம்.