ஒளிவட்டம் ஓட்டிய மீட்டர்

மாடியில் மீட்டர் சாமியார் குடியேறிய மூன்றாம் மாதம், படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொருவர் கையிலும் மின்கட்டண ரசீது. முகத்தில் பக்தி. கட்டணம் ஏறக் காரணம் கண்திருஷ்டியாம். மீட்டர் கண்ணாடிமேல் சாமியாரின் செப்புத் தகட்டை ஒட்டினால் இறங்குமாம். எடுத்துப் பார்த்தால் மட்டும் பலிக்காதாம்.

கீழ்த்தளத் தையற்காரிக்குக் கட்டணம் மூன்று மடங்காகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பதாக நோட்டீஸ். மோட்டார் நின்றால் தையல் நிற்கும். தையல் நின்றால் சோறு நிற்கும்.

"நாலாவது தகடும் ஒட்டிப் பாப்போம். சாமி தெரியாமலா சொல்லுவாரு?" என்றான் கணவன்.

"ஒட்ட ஒட்ட மீட்டர்தாங்க மறையுது. கட்டணம் மறையல."

தகடுகளைச் சுரண்டி எறிந்தாள். கடையின் மெயின் சுவிட்சை அணைத்தாள். விளக்கு அணைந்தது. மீட்டர் மட்டும் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது.

கணவனை மீட்டரருகே நிறுத்திவிட்டு மாடிக்குப் போனாள். குளிர்சாதனக் காற்றில், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழல, சாமியார் மைக்கில் அருளிக்கொண்டிருந்தார்.

"சாமி, எல்லாத்தையும் அணைச்சிட்டேன். மீட்டர் இன்னும் ஓடுது."

"பேய்!" என்றது மைக். கூட்டம் மூச்சை இழுத்தது. "ஓட்டணும்னா ஏழு தகடு ஆகும்மா."

"தகடு எதுக்கு?" ஜன்னல் வழியே குரல் கொடுத்தாள். "என்னங்க, நம்ம மீட்டர் ஃப்யூஸைப் புடுங்குங்க!"

ஒளிவட்டம் அணைந்தது. குளிர்சாதனம் முனகி அடங்கியது. மைக் இல்லாத சாமியாரின் குரல் பூனைக்குட்டி அளவே இருந்தது.

"மாட்டுங்க!" என்றாள். அருள் திரும்பியது. "புடுங்குங்க!" அருள் போயிற்று. மூன்றாம் முறை யாரும் சொல்லாமலே கணவன் மாட்டிப் பிடுங்கினான்.

ஒளிவட்டத்தின் பின்னாலிருந்த ஒயர், ஜன்னல் வழியே இறங்கி அவள் மீட்டரில் போய் முடிந்தது. சாமியார் அதை உருவப் பாய்ந்தார்.

"தொடாதீங்க சாமி. மின்சார ஆபீஸ்காரங்க வந்து பாக்கட்டும். புகார் எழுதிக் குடுக்கப் போறேன், இவங்க எல்லாரும் சாட்சி. வெள்ளிக்கிழமை வெட்டுறது உங்க ஒயரைத்தான்."

வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் அணைந்த ஒளிவட்டத்தைப் பார்த்தே கேட்டார்: "அப்ப எங்க வீட்டுக்கு ஏன் ஏறுச்சு சாமி?"

"கையிலிருக்கிற ரசீதைத் திருப்புங்கண்ணே," என்றாள் தையற்காரி. "விலையை ஏத்தினது பின்பக்கம் அச்சடிச்சிருக்கு. ஏன் ஏத்தினாங்கன்னு அந்த ஆபீஸ்ல போய் வரிசையில நில்லுங்க."

மூன்று மாதமாகக் கையில் வைத்திருந்ததை அவர் முதல்முறையாகத் திருப்பினார். யோசிப்பதற்கு இன்னும் யாரும் கட்டணம் போடவில்லை. போடுவதற்குள் நீங்களும் ஆரம்பித்துவிடுங்கள்.