அமைச்சரின் வலப்பக்க நாற்காலி

வாழ்க பியாருகாபா! நெடுங்கொம்பு மாடுகள் நிறைந்த அங்கோலே நாடு ஈன்ற அடலேறு. ஒரே காலையில் மூன்று ஆய்வுக்குழுக்களுக்குத் தலைமையேற்று மூன்றிலும் கண்ணயர்ந்த கல்விக்கடல். துணைவேந்தர் அறைக்கு அடுத்த அறையில் பதினோராண்டு அமர்ந்து, இடைச்சுவரைப் பகைவனெனப் பார்த்துவரும் இணைத் துணைவேந்தன்.

என்டெபெ ஏரிக்கரை விடுதியில், பல்கலைக்கழகத் தலைவர்களுக்கான ஐந்துநாள் பயிற்சி அன்று நிறைவுற்றது. "தலைவன் பின்வரிசையில் நிற்பவன்" என்று பயிற்றுநர் காலையில் அருளியதை நம் வீரன் சிவப்பு மையால் இருமுறை அடிக்கோடிட்டிருந்தான். நண்பகலில் குழுப்படம். புல்வெளி நாற்காலிகளின் நடுவே கல்வி அமைச்சர் அம்மையார் வீற்றிருக்க, அவரது வலப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. படம் ஞாயிறு நாளிதழில் வரும். திங்களன்று ஆட்சிக்குழு புதிய துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும். அமைச்சரின் தோளருகே யார் முகம் என்பதை ஆட்சிக்குழு பார்க்காமலா இருக்கும்?

பாய்ந்தான் வீரன். எதிர்த்திசையிலிருந்து, கோமெசி உடையின் கூர்ந்த தோள்முனைகள் இரட்டைக் கோபுரமென நிமிர, குதிகால் செருப்பு புல்லில் புதையப் புதைய, அதே பல்கலைக்கழகத்தின் மற்றோர் இணைத் துணைவேந்தரும் அதே பதவிக்கு விண்ணப்பித்தவளுமான நபிர்யே வந்தாள். இருவர் கரங்களும் ஒரே கணத்தில் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் அரியணையைப் பற்றின. ஏரியலை அடங்கிற்று. குப்பைத்தொட்டி மேலிருந்த பெருநாரைகள் கழுத்தை நீட்டின.

"நியாபோ," என்று அம்மணிக்குரிய மரியாதைச் சொல்லால் விளித்தான் வீரன். "நான் புரொபசராகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. புரோட்டோகால்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு செபோ," என்று அவளும் ஐயாவுக்குரிய மரியாதை குறையாமல் பதிலிறுத்தாள். "நிதி பாக்குறவங்கதான் அமைச்சர் பக்கத்துல உக்காரணும். நீங்க பாக்குறது ஹாஸ்டலு."

ஆனால் நபிர்யே, தன் ஊர் வழக்கப்படி, முழந்தாளிட்டு அமைச்சரை வணங்கக் குனிந்தாள். அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. பியாருகாபா அமர்ந்தான், நாற்காலி முனகியது, வெற்றி வெற்றியென அவன் நெஞ்சம் முரசறைந்தது.

அப்போது படக்காரர் கையுயர்த்தினார். "வெயில் எதிர்ல அடிக்குது. நான் அந்தப் பக்கம் போறேன், எல்லாரும் அப்படியே திரும்பி நின்னுக்குங்க. சாப்பாடு ஆறுது."

அமைச்சர் எழுந்து, முழந்தாளிட்டவளைக் கைப்பிடித்துத் தூக்கி, அவளோடு மறுபக்கம் போய் முன்னால் நின்றார். பின்வரிசை முன்வரிசையாயிற்று. எழுந்தால் வேறெவரேனும் நாற்காலியைக் கவர்ந்துவிடுவர் என்றஞ்சிய வீரனோ, மலைபெயர்ந்தாலும் பெயரேன் எனக் கைப்பிடிகளை இறுகப் பற்றி, கழுத்தை மட்டும் திருப்பிப் புன்னகைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் நம் வீரனுடைய வலது காது மட்டும் தெரிகிறது.